வெள்ளை அடித்த கப்பலில் பத்து மாதம்

தம்பி,

போன வியாழக்கிழமை மத்தியானம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் உன்னைப் பார்த்தேன். கடையில் புதுக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். எதிரே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வாசலில், மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி நின்றிருந்தாய். முதுகில் சாப்பாடு கொண்டுபோகும் பெரிய சதுரப் பை. கண்ணாடி புதுசு, அதனால் தப்பாகத் தெரிகிறதோ என்று கழற்றித் துடைத்துப் போட்டேன். நீதான். யோசனையில் இருக்கும்போது இடது கையால் பின்கழுத்தைத் தேய்த்துக்கொள்வாயே, அப்படித் தேய்த்துக்கொண்டிருந்தாய். உள்ளே இருந்து யாரோ ஒரு நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். "வரேன் அண்ணே" என்று போனாய். நீ மெல்போர்னுக்கு வேலைக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நானும் உன் அம்மாவும் விமான நிலையத்தில் நின்று கையசைத்து அனுப்பி வைத்தோம். நான் உன்னைக் கூப்பிடவில்லை. கடைத் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். என்னைப் பார்த்துவிட்டால், நின்ற இடத்திலேயே நீ ஒரு பொய்யைத் தேடவேண்டியிருக்கும். நீ தேடுவதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

உண்மையைச் சொன்னால், அதற்கு மூன்று வாரம் முன்பே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு லோரி போனது. 'சூராட் காபார் லாமா' என்று ஒலிபெருக்கியில் இழுத்து இழுத்துக் கூவியது. மெல்போர்னில் யாரப்பா மலாயில் பழைய பேப்பர் கேட்டு வருவார்கள்? உன் அம்மா அப்போது போனை என்னிடம் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

திட்டுவதற்காக இதை எழுதவில்லை. திட்டுகிற யோக்கியதை எனக்குக் கிடையாது. உனக்குப் பதினேழு வயதாக இருந்தபோது நான் பத்து மாதம் வளைகுடா நாட்டுப் பக்கம் கப்பலில் இருந்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் வளைகுடாவுக்குப் போகவே இல்லை. அந்தப் பத்து மாதமும் போர்ட் கிள்ளானுக்கு வெளியே, புலாவ் கெத்தாம் தீவுக்குப் பக்கத்தில், நங்கூரம் போட்ட ஒரு பழைய கப்பலில் இருந்தேன். சாயங்காலம் மேல்தளத்தில் நின்றால் துறைமுகக் கிரேன்கள் தெரியும், அவற்றுக்குப் பின்னால் நம் ஊர் விளக்குகள் தெரியும். அதில் நம் வீட்டுப் பக்கம் எது என்று தேடுவேன். இந்தப் பதினைந்து வருஷத்தில் இதை நான் உன்னிடம் சொன்னதில்லை.

எப்படிப் போனேன் என்றால், உனக்கே ஞாபகம் இருக்கும். கடல் வேலையை விட்டுவிட்டு நான் பண்டமாரானில் ஒரு பட்டறையில் லோரி என்ஜின் பிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஏஜென்ட் வீட்டுக்கே வந்தான். இந்தோனேசியாப் பக்கம் பாத்தாமில் ஒரு சின்னக் கப்பல் நிற்கிறது, அதைக் கிள்ளானுக்குக் கொண்டுவர ஒரு என்ஜினியர் வேண்டும், மூன்றே வாரம் என்றான். அவன் போன பிறகு உன் அம்மா சொன்னாள், "அந்த ஆளு முகத்தைப் பார்த்துப் பேச மாட்டேங்கிறான். வேணாங்க." எனக்குக் கடல் ஆசை விடவில்லை. "உனக்குக் கப்பலைப் பத்தி என்ன தெரியும்? வாயை மூடிக்கிட்டு இரு," என்றேன். உன் முன்னால் சொன்னேன். நீ சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து அறைக்குப் போய்விட்டாய். பத்துமலையில் தைப்பூசத்துக்கு மொட்டை போட்டிருந்தேன். அது முடிந்த இரண்டாம் நாள், அந்த மொட்டைத் தலையோடுதான் கிளம்பினேன்.

கப்பலைக் கொண்டுவந்து சேர்த்தோம். கரையில் கப்பலைப் பொறுப்பெடுத்துக்கொள்ள ஆள் இல்லை. பழைய முதலாளிக்கும் புது முதலாளிக்கும் வழக்கு. கோர்ட்டில் இருந்து ஒருவர் படகில் வந்து, கப்பல் நகரக் கூடாது என்ற தாளைச் சுக்கான் அறைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போனார். ஏஜென்ட் எங்கள் கடல் புத்தகங்களை, கப்பல்காரனுக்குப் பாஸ்போர்ட் மாதிரி அவை, புதுப்பிக்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போனான், திரும்பி வரவில்லை. கப்பலில் மூன்று பேர். கேப்டன் டர்மான், சுராபாயாக்காரர், அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும், மரியாதைக்குப் பாக் டர்மான் என்றுதான் கூப்பிடுவோம். ரஃபீக் என்று பங்களாதேஷ்காரன், முப்பது வயது, மேல்தள வேலை. அப்புறம் நான். அவர்கள் இரண்டு பேரும் காகிதம் இல்லாமல் கரையில் கால் வைக்க முடியாது. நான் இந்த நாட்டுக்காரன், ஒரு மீன் படகைக் கூப்பிட்டு ஏறிப் போயிருக்கலாம். ஆனால் என்ஜினியர் இறங்கினால் சான்றிதழ் போய்விடும் என்று ஏஜென்ட் பயம் காட்டியிருந்தான். அதைவிடப் பெரிய காரணம், கப்பலின் பின்பக்கம் ப்ரொப்பெல்லர் தண்டு வெளியே போகிற இடத்தில் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. காலையும் சாயங்காலமும் ஜெனரேட்டரைப் போட்டுப் பம்ப் ஓட்டினால்தான் கப்பல் மிதக்கும். அந்தப் பழைய ஜெனரேட்டர் என் கைக்கு மட்டும்தான் கட்டுப்பட்டது. நான் போனால் அந்த இரண்டு பேரும் என்ன ஆவார்கள்?

சரி, இதையெல்லாம் உன் அம்மாவிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். அங்கேதான் நான் கெட்டேன். முதல் வாரம் போன் பண்ணி, "கொஞ்சம் லேட் ஆகும்லா," என்றேன். இரண்டாவது வாரமும் அதையே சொன்னேன். மூன்றாவது வாரம் அவள், "நான் அன்னைக்கே சொன்னேன்..." என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் அவள் சொல்வதைக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. "ஒண்ணும் பிரச்சினை இல்லை. கான்ட்ராக்ட் நீட்டிட்டாங்க. கப்பல் வளைகுடாவுக்குப் போகுது," என்று வாயில் வந்ததைச் சொன்னேன். ஒரு பேச்சில் தோற்கக் கூடாது என்பதற்காகச் சொன்னது. போனில் என் நம்பர் தெரியாதபடி மாற்றி வைத்தேன். அப்புறம் அந்தப் பொய்க்கு வேண்டியதை எல்லாம் செய்யவேண்டியிருந்தது. அங்கே மணி என்ன என்று கணக்குப் போட்டுப் பேசுவேன். வெயில் தாங்கலை என்பேன். உன் அம்மா பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்ததைச் சொன்னாள். ஏன் என்று கேட்டேன். "வீட்ல சும்மா இருக்க போரடிக்குது," என்றாள். வீட்டில் அரிசி வாங்க அவள் என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டே, "சரி, உன் இஷ்டம்," என்றேன்.

அந்தக் கப்பலைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் படுத்த அறை ஒரு நீளமான அறை. தரையில் வரிசையாக இரும்புக் குமிழ்கள் பதித்திருந்தன. சுவரில் ஆள் உயரத்துக்கு மேலும் கீழுமாகக் கொக்கிகள் இருந்தன. சரக்கு கட்டவா என்றால், அதற்கு இவை மிகவும் சின்னவை. ஒரு நாள் சாயங்காலம் பாக் டர்மானிடம் கேட்டேன். அவர் மேல்தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் புகைக்கூண்டைக் காட்டினார். பெயின்ட் உரிந்த இடத்தில், துருவுக்கு மேலே, மங்கிப்போன சிவப்பில் ஒரு நேர்க்கோடு. அதை இன்னொரு கோடு குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. "இது ஆம்புலன்ஸ், என்ஜினியர்," என்றார். "யுத்தத்துல காயம்பட்டவங்களை ஏத்தின கப்பல். கொக்கி எல்லாம் ஸ்ட்ரெச்சர் மாட்ட."

இந்தக் கப்பலைக் கடற்படை விற்றபோது முதலில் வேலைக்குச் சேர்ந்தவர்களில் அவர் ஒருவர். கப்பலைக் கைமாற்றிக் கொடுக்க வந்திருந்த ஒரு வயதான கடற்படை பிட்டர், என்ஜின் பழுது பார்க்கிறவர், இரண்டு மாதம் கூடவே இருந்து என்ஜினைச் சொல்லிக் கொடுத்தாராம். சொல்லிக் கொடுத்தபோது நடந்ததையும் சொன்னாராம். தெற்கே, குளிர்க் கடலில், இரண்டு நாடுகள் சில தீவுகளுக்காக அடித்துக்கொண்ட போர் அது. இந்தக் கப்பல் கடலுக்கு அடியில் தரையை அளந்து வரைபடம் போடுவதற்காகக் கட்டியது, பீரங்கி எதுவும் கிடையாது. போர் வந்ததும் நான்கே நாளில் முழுக்க வெள்ளை அடித்து, பக்கவாட்டிலும் மேல்தளத்திலும் புகைக்கூண்டிலும் சிவப்புச் சிலுவை வரைந்தார்கள். வரைபடம் போடும் அறையில் மேசைகளைத் தூக்கிவிட்டுப் படுக்கைகளைப் பொருத்தினார்கள். நான் படுத்திருந்தது அந்த அறையில்தான். போர்க்களத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் கப்பல் நிற்கும். அங்கே அறுவை முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு, நான்கு நாள் ஓடி, போரில் சேராத ஒரு நாட்டுத் துறைமுகத்தில் இறக்கவேண்டும். உடனே திரும்பிப் போய் அடுத்தவர்களை ஏற்றவேண்டும். இதுதான் அதன் வேலை.

பாக் டர்மான் தினமும் சாயங்காலம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வார். வேறு பேசுவதற்கு எங்களுக்கு என்ன இருந்தது? அந்த மாதிரிக் கப்பலுக்குச் சட்டம் உண்டாம். ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. ரகசிய மொழியில் செய்தி அனுப்பக் கூடாது, எதிரியும் கேட்கிற மாதிரித்தான் பேசவேண்டும். மற்றக் கப்பல்கள் எல்லாம் விளக்கை அணைத்துக்கொண்டு போகும்போது, இது மட்டும் எல்லா விளக்கையும் எரியவிட்டுப் போகவேண்டும். முதல் பயணத்தில் மாலுமிகளுக்குப் பயம், நம்மை மட்டும்தானே தெரிகிறது என்று. எதிரி நாட்டுச் சிப்பாய்களும் காயத்தோடு அதே அறையில் படுத்திருந்தார்கள். தண்ணீர் கேட்டால் யார் பக்கத்தில் இருக்கிறானோ அவன் கொடுப்பான். இதில் என் மனதில் நின்றது வேறு ஒரு விஷயம். இரண்டாவது பயணத்தில் தீக்காயம் பட்டவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். என்ஜின் அதிர்வு தரை வழியாக, கட்டில் வழியாக ஏறி அவர்கள் உடம்பில் பட்டது. அறையில் இருந்து என்ஜின் ரூமுக்குப் போன் வந்தது, வேகத்தைக் குறைக்க முடியுமா என்று. குறைத்தால் துறைமுகம் போய்ச் சேர இன்னும் ஒரு நாள் ஆகும், தாங்காதவன் வழியிலேயே போய்விடலாம். குறைக்காவிட்டால் எல்லாரும் கத்துவார்கள். அந்த பிட்டர் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, எந்த வேகத்தில் அதிர்வு குறைவாக இருக்கிறது என்று ஒரு ராத்திரி முழுவதும் தேடிக் கண்டுபிடித்தாராம். அந்த எண்ணைச் சுவரில் ஆணியால் கீறி வைத்திருந்தார். பாக் டர்மான் என்ஜின் ரூமில் எனக்கு அதைக் காட்டினார். நான் பத்துத் தடவையாவது அதைத் தடவிப் பார்த்திருப்பேன்.

போர் முடிந்ததும் சிலுவையை அழித்துவிட்டு மறுபடியும் கடலை அளக்கப் போயிருக்கிறது. அப்புறம் விற்றுவிட்டார்கள். ஒருத்தன் முக்குளிப்பவர்களை ஏற்றினான், ஒருத்தன் தீவுகளுக்கு அரிசி மூட்டை ஏற்றினான். ஒவ்வொரு முதலாளியும் பெயரை மாற்றினான். கடைசியில் எங்கள் மூன்று பேரோடு வந்து நின்றுவிட்டது.

எட்டாவது மாதம் பாக் டர்மானுக்குக் காலில் அடிபட்டது. துருப்பிடித்த ஒரு தகடு வலது பாதத்தில் விழுந்து வெட்டியது. அவருக்குச் சர்க்கரை வியாதி, மாத்திரை முடிந்து பல நாள் ஆகியிருந்தது. முதலில் சின்னக் காயம்தான். உப்புத் தண்ணீரில் கழுவிக் கட்டினோம். இரண்டு வாரத்தில் கட்டைவிரல் கறுத்துவிட்டது. வாடை வந்தது. கப்பல் ரேடியோவில் பேட்டரி செத்திருந்தது. காசு போட்ட போன் என்னிடம் மட்டும்தான் இருந்தது. அவர் ஒரு நம்பரை எழுதிக் கொடுத்தார். கடலாடிகளுக்கு உதவி செய்கிற ஒரு விடுதி. "இவங்களுக்குப் போன் அடி, என்ஜினியர். நீ உள்ளூர்க்காரன், நீ பேசினா கேப்பாங்க. பேப்பர்காரங்களைக் கூட்டிக்கிட்டு வருவாங்க. அப்பத்தான் எல்லாரும் அசைவாங்க."

பேப்பர்காரர்கள்.  கொஞ்ச நாள் முன்புதான் இப்படி மாட்டிக்கொண்ட வேறு ஒரு கப்பல்காரர்களின் படம் தமிழ்ப் பேப்பரில் வந்திருந்தது. முகம் முகமாகப் போட்டிருந்தார்கள். நம் பக்கத்து வீட்டில் அந்தப் பேப்பர்தான் வாங்குகிறார்கள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு மேல்தளத்துக்குப் போனேன். சிக்னல் மூன்று கோடு காட்டியது. திரும்பி வந்து, "லைன் கிடைக்கலை, கேப்டன்," என்றேன்.

மறுநாளும் அதையே சொன்னேன். ஒன்பது நாள் அப்படியே சொன்னேன். அந்த ஒன்பது நாளில் உனக்குப் பள்ளி முடிக்கிற எஸ்.பி.எம். பரீட்சை நடந்துகொண்டிருந்தது. பையன் பரீட்சை எழுதுகிறான், இப்போது அப்பன் படம் பேப்பரில் வந்தால் அவன் மனசு உடைந்துவிடும், அவன் முடிக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன்னைச் சாக்காக வைத்தேன், தம்பி. நீ அங்கே கணக்குப் பேப்பர் எழுதிக்கொண்டிருந்தாய், இங்கே ஒரு மனிதருக்கு உன் பெயரால் கால் அழுகிக்கொண்டிருந்தது. 

பத்தாம் நாள் மத்தியானம், மூன்று மணி இருக்கும். பாக் டர்மானுக்குக் காய்ச்சல் கொதித்தது. அன்று தண்ணீர் அதிகம் ஏறியிருந்ததால் பகலிலேயே ஜெனரேட்டரைப் போட்டுப் பம்ப் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் என் அறையில் படுத்துக்கொண்டு அலறினார். ரஃபீக் ஓடி வந்து, "அண்ணே, கட்டில் ஆடுதாம், நிறுத்தச் சொல்றாரு," என்றான். நான் போய்ப் பார்த்தேன். கட்டில் ஆடவில்லை. ஜெனரேட்டர் அதிர்வு தரை வழியாக ஏறி அந்தக் காலில் பட்டுக்கொண்டிருந்தது. "பெர்லாஹான், பெர்லாஹான்," மெதுவா, மெதுவா என்று கையெடுத்துக் கும்பிடுகிற மாதிரிக் கேட்டார். கீழே போய் ஜெனரேட்டரை அணைத்தேன். பம்ப்பும் நின்றது. கப்பல் முழுக்கச் சத்தம் அடங்கியது. பின்பக்கம் தண்ணீர் உள்ளே வருகிற சத்தம் மட்டும் கேட்டது. பம்ப் ஓடினால் அவர் துடிப்பார். ஓடாவிட்டால் மூன்று பேருக்கும் இந்தக் கப்பல் இல்லை. இரண்டுக்கும் நடுவில் அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு மேலே வந்து போனை எடுத்தேன். விடுதியின் நம்பரை அழுத்தவில்லை, உன் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"என்னங்க, இந்நேரத்துல?" என்றாள்.

"ஒருத்தருக்கு உடம்புக்கு ரொம்ப முடியலை. கரைக்குக் கொண்டு வரணும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

"எந்த ஊர்ல இருக்கீங்க?"

"போர்ட் கிள்ளான்ல. வெளியில. கப்பல்ல."

அந்தப் பக்கம் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. "எந்த ஜெட்டிக்கு வரணும்?" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். எங்களுக்கு அவ்வப்போது அரிசி கொண்டுவந்து கொடுக்கும் புலாவ் கெத்தாம் மீனவர் ஆ ஹுவாட்டைக் கூப்பிட்டேன். அவர் படகு வருவதற்குள் ஒரு கட்டில் பலகையைக் கழற்றி, கேப்டனை அதில் வைத்துக் கட்டி, சிறுபடகு இறக்கும் கயிற்றில் மாட்டி, நானும் ரஃபீக்கும் அங்குலம் அங்குலமாக இறக்கினோம். ரஃபீக்குக்குப் பம்ப் போடச் சொல்லிக் கொடுத்தேன். "நாளைக்குக் கட்டாயம் வந்துடுவேன்," என்றேன். அவன் என் முகத்தையே பார்த்தான். நான் திரும்பி வருவேன் என்று அவன் நம்பவில்லை. படகுத்துறையில் உன் அம்மா நம் பழைய காரின் பின்சீட்டில் பாய் விரித்து, கேன்டீன் ஏப்ரனோடு நின்றிருந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். தலைமுடி காது வரை வளர்ந்திருந்தது. "காலைத் தூக்கிப் பிடிங்க, தொங்க விடாதீங்க," என்றாள். 

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். டாக்டர் சின்னப் பெண், தமிழ்ப் பெண். "ஒரு வாரம் முன்னாடி கொண்டு வந்திருந்தா ரெண்டு விரலோட போயிருக்கும் அங்கிள். ஏன் இவ்வளவு லேட்?" என்று கேட்டாள்.  மறுநாள் காலை ஆ ஹுவாட்டின் படகில் கப்பலுக்குத் திரும்பிப் போனேன். ரஃபீக் முழங்கால் தண்ணீரில் நின்று பம்ப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் உட்கார்ந்து அழுதுவிட்டான்.

அந்த விடுதிக்கும் பேப்பருக்கும் போன் பண்ணியது உன் அம்மா. "கப்பலைப் படம் போடுங்க. ஆளுங்க முகம் போடாதீங்க, பிள்ளைங்க இருக்காங்க," என்று அவர்களிடம் கேட்டுக்கொண்டாளாம். அதனால்தான் உனக்கு இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு எல்லாம் அசைந்தது. ஒரு மாதத்துக்கு மேல் ஆனது, எங்களுக்குப் பதிலாகக் காவலுக்கு வேறு ஆட்கள் வந்தார்கள், ரஃபீக்குக்கு டிக்கெட் வந்தது. இன்றும் ஹரி ராயாப் பெருநாளுக்குச் செய்தி அனுப்புவான். அந்தக் கப்பலை அடுத்த வருஷம் உடைப்பதற்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பாக் டர்மான் ஊருக்குப் போகிற அன்று காலை, ஆஸ்பத்திரியில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிக்னல் இருந்தது, நான் போன் பண்ணவே இல்லை என்று. "எத்தனை நாள்?" என்றார். "ஒன்பது," என்றேன். அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணினார். எண்ணி முடித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சக்கர நாற்காலி வந்தபோது என் கையைப் பிடிக்காமல் தாதியின் கையைப் பிடித்து ஏறினார். சுராபாயாவுக்கு நான்கு கடிதம் போட்டேன். பதில் இல்லை. அது அவர் உரிமை. மன்னிப்புக் கேட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று உனக்கு நான் சொல்ல மாட்டேன், எனக்கு ஆகவில்லை.

உன் அம்மாவிடம் ஒரு நாள் கேட்டேன், அன்றைக்கு ஏன் நீ திட்டவில்லை, ஆச்சரியப்படக்கூட இல்லையே என்று. துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அஞ்சாவது மாசமே தெரியும்," என்றாள். ஒரு நாள் சாயங்காலம் போனில் பேசிக்கொண்டிருந்தபோது நம் வீட்டுக்கு மேலே பெரிய இடி இடித்திருக்கிறது. அதே இடி போனிலும் கேட்டிருக்கிறது. "வளைகுடாவுல இருக்கிறவருக்கு நம்ம வீட்டு இடி எப்படிங்க கேக்கும்? நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். நான் கேட்டா நீங்க இன்னொரு பொய் சொல்லுவீங்க. அதுக்குப் பயந்துக்கிட்டுக் கேக்கலை," என்றாள். நான் மட்டும்தான் அடைபட்டுக் கிடந்தேன் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அவளையும் உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறேன். நான் இறங்கி வீட்டுக்கு வந்த அன்று, கிள்ளான் கடைத்தெருவில் ஒரு பெட்டி பேரீச்சம்பழம் வாங்கி, வளைகுடாவில் இருந்து கொண்டு வந்தது என்று உன்னிடம் கொடுத்தேன். நீ சந்தோஷமாகச் சாப்பிட்டாய். அவள் ஒன்றை எடுத்து வாயில் போட்டு, "இனிப்பா இருக்கு," என்றாள்.

மெல்போர்னில் என்ன நடந்தது என்று நான் கேட்கப்போவதில்லை. வேலை போயிருக்கலாம், வேலையே இல்லாமல் யாராவது ஏமாற்றியிருக்கலாம், நீயே ஏதாவது தப்பு செய்திருக்கலாம். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது கேவலம் என்று நான் நினைப்பதாக எண்ணாதே. நான் கிரீஸ் கையோடு வாழ்ந்தவன். ஒன்றே ஒன்றுதான் சொல்வேன், உண்மையைச் சொல்ல ஒரு நல்ல நேரம் வரும் என்று காத்திருக்காதே. உன் பரீட்சை முடியட்டும் என்று நான் காத்திருந்தேன். நீ எதற்காகக் காத்திருக்கிறாய்? வேறு வேலை கிடைக்கட்டும் என்றா, அம்மாவுக்கு ரத்த அழுத்தம் குறையட்டும் என்றா? அந்தக் காத்திருப்பில் நாம் பார்க்காத ஒரு ஆளுக்கு அடிபட்டுக்கொண்டிருக்கும். அது யார் என்பது முடிந்த பிறகுதான் நமக்குத் தெரியும்.

இதுவரைக்கும் மூன்று நாளாக வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். இந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் கம்போங் மேடானில், நீ இருக்கிற ஃபிளாட்டுக்குக் கீழே உள்ள மாமாக் டீக்கடையில் எழுதுகிறேன். பேனா மாறியிருப்பது உனக்குத் தெரியும். கடைக்காரரிடம் இரவல் வாங்கினேன். அன்று பிரிக்பீல்ட்சில் நீ போன பிறகு சாப்பாட்டுக் கடையில் விசாரித்தேன், நீ இங்கே இருப்பதாக அவர்கள்தான் சொன்னார்கள். இந்தக் கடைக்காரருக்கும் உன்னைத் தெரிந்திருக்கிறது. "அஞ்சு மணிக்கு வந்து தே ஓ குடிச்சிட்டுத்தான் மேல போவாரு. நீங்க யாரு அங்கிள்?" என்றார். அப்பா என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஓ, அந்தக் கப்பல் என்ஜினியரா? தம்பி சொல்லியிருக்காரு. அரேபியாப் பக்கம் எல்லாம் போய் வந்தவராமே." நான் ஆமாம் என்று தலையாட்டப் போனேன். பழக்கம். அப்புறம், "இல்லீங்க, அங்கெல்லாம் போனதில்லை," என்றேன். பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக ஒரு வெளியாளிடம் சொன்னேன். அவர், "அப்படியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குத் தே தாரிக் ஆற்றப் போய்விட்டார்.

இந்தக் கடிதத்தை அவரிடம்தான் கொடுக்கப்போகிறேன். நீ வந்ததும் கொடுப்பார். நான் உள்ளே, மூலை மேசையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். நீ படித்து முடிக்கிற வரை திரும்ப மாட்டேன், உன் முகத்தைப் பார்க்க மாட்டேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள். படித்துவிட்டு நீ நேராக மாடிக்குப் போனாலும் கோபம் இல்லை, நாளைக்கும் வந்து இதே மேசையில் உட்காருவேன். பட்டறையை விட்டாகிவிட்டது, எனக்கு வேறு வேலை இல்லை. உன் அம்மாவிடம் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அதையும் இன்றைக்கே அவளிடம் சரிப்படுத்தவேண்டும்.

ஐந்தாகிவிட்டது. கடைக்காரர் வாசலைப் பார்க்கிறார், என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார். தாளை மடிக்கிறேன்.

அப்பா